'ஐ7' என்றதும் மயங்காதீங்க! கேம் கம்ப்யூட்டருக்கு ப்ராசசர், மதர்போர்டு பார்த்து வாங்குவது எப்படி?

திருப்பூர்:

தீபாவளி போனஸ் கைக்கு வந்தால் போதும். பனியன் கம்பெனி தொழிலாளர்கள் வீடுகளில் பிள்ளைகள் கேட்கும் பொருள் மாறிவிட்டது. முன்பு சைக்கிள் கேட்டார்கள். பிறகு செல்போன் கேட்டார்கள். இப்போது 'கேமிங் பிசி' கேட்கிறார்கள்.

கடையில் ரெடிமேடாக வாங்காமல், தனித்தனி பாகமாக வாங்கி பூட்டும் கம்ப்யூட்டர் இது. 'படிப்புக்கும் ஆகும், கேமுக்கும் ஆகும்' என்று பையன் சொல்ல, அப்பாவும் சீட்டு எடுத்தோ, தவணை போட்டோ 50 ஆயிரம், 60 ஆயிரம் ரூபாயை எடுத்து வைக்கிறார். பல வீடுகளில் இது 3 மாத சம்பளம்.

அந்தப் பணத்தை ஒரே நிமிஷத்தில் கோட்டை விட வைக்கும் இடம் இரண்டு. ஒன்று ப்ராசசர். மற்றொன்று மதர்போர்டு. கலர் லைட் எரியும் பெட்டியைப் பார்த்து மயங்கி, உள்ளே இருக்கும் இந்த இரண்டையும் பார்க்காமல் வாங்கி வருபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இந்த இரண்டும் என்ன, எப்படிப் பார்த்து வாங்குவது, கடையில் என்ன கேட்க வேண்டும் என்பதை இங்கே விளக்கமாகப் பார்ப்போம்.

கட்டிங் மாஸ்டரும் டெய்லரும்

நம்ம ஊர் கணக்கிலேயே சொல்லலாம். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் துணியை வெட்டிக் கொடுக்கிறார். டெய்லர்கள் தைக்கிறார்கள். கட்டிங் மாஸ்டர் மெதுவாக வெட்டினால், 20 டெய்லர் இருந்தும் சும்மாதான் உட்கார்ந்திருப்பார்கள்.

கேம் கம்ப்யூட்டரில் ப்ராசசர்தான் கட்டிங் மாஸ்டர். எதிரி எங்கே ஓடுகிறான், குண்டு எங்கே படுகிறது, கார் எப்படித் திரும்புகிறது என்று கணக்குப் போடுவது அதன் வேலை. அந்தக் கணக்கை வாங்கி திரையில் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. அதுதான் டெய்லர்.

மதர்போர்டு என்பது கம்பெனி கட்டிடம் மாதிரி. எல்லா பாகமும் அதன் மேல்தான் உட்காரும். ப்ராசசருக்கு வேண்டிய கரண்டை அளந்து கொடுப்பதும் அதுதான்.

30 ஆயிரம் ரூபாய்க்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கி, பழைய ப்ராசசரோடு போட்டால் என்ன ஆகும்? கார்டு பாதி நேரம் வேலை இல்லாமல் காத்திருக்கும். கேம் திக்கித் திக்கி ஓடும். காசு போச்சு, அவ்வளவுதான்.

'ஐ7' என்னும் வலை

'ஐ7 ப்ராசசர், 16 ஜிபி ராம், கேமிங் பிசி, வெறும் 18 ஆயிரம்' என்ற மாதிரி விளம்பரங்களை செல்போனில் நிறைய பார்க்கலாம். ஐ3-ஐ விட ஐ5 பெரிசு, ஐ5-ஐ விட ஐ7 பெரிசு என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த அரைகுறை தகவலைத்தான் சிலர் காசாக்குகிறார்கள்.

ஐ7 என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொல்லாத மாதிரிதான். அதற்குப் பின்னால் வரும் நம்பர்தான் முக்கியம்.

உதாரணத்துக்கு 'ஐ7 2600' என்ற ப்ராசசர். இது இன்டெல் கம்பெனி 2011 ஜனவரியில் விட்டது. 4 இலக்க நம்பரில் முதல் இலக்கம் தலைமுறையைச் சொல்லும். 2 என்றால் இரண்டாம் தலைமுறை. 'ஐ7 3770' என்றால் மூன்றாம் தலைமுறை.

'ஐ5 12400' என்பதில் 5 இலக்கம். முதல் இரண்டு இலக்கம் 12. அதாவது 12-ம் தலைமுறை. இது 2022 ஜனவரியில் வந்தது.

அதே 2022-ல் வந்த 'ஐ3 12100' என்ற சின்ன ப்ராசசரை, 2011-ல் வந்த 'ஐ7 2600' உடன் ஒப்பிட்டால் விஷயம் புரியும். இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட்தான். ஆனால் ஒரு கோரை மட்டும் எடுத்துப் பார்த்தால், ஐ3-ன் வேகம் பழைய ஐ7-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பேரில் ஐ7 பெரிசு, வேலையில் ஐ3 பெரிசு!

ஆகவே கடையில் 'ஏனுங்க, ஐ7ங்களா?' என்று கேட்பதை விட, 'முழு நம்பர் என்னங்க?' என்று கேட்க வேண்டும். நம்பர் சொல்லத் தயங்கும் கடையில் காசைக் கொடுக்கக் கூடாது.

புது டப்பாவில் பழைய சரக்கு

இன்னொரு தந்திரமும் உண்டு. பெட்டி புதுசு, மதர்போர்டும் சீல் பிரிக்காத புது டப்பாவில் இருக்கும். ஆனால் அந்த போர்டின் பேரில் 'எச்61' அல்லது 'எச்81' என்று இருக்கும்.

எச்61 என்பது 2011-ம் ஆண்டு ப்ராசசர்களுக்கான போர்டு. எச்81 என்பது 2013-ம் ஆண்டு நான்காம் தலைமுறைக்கானது. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் இருந்து கழற்றிய ப்ராசசர்களைப் பயன்படுத்துவதற்காகவே இந்த மாதிரி போர்டுகளைப் புதிதாகத் தயாரித்து விற்கிறார்கள். போர்டு புதுசுதான், பொய் இல்லை. ஆனால் அதில் உட்காரும் சரக்கு பத்து வருஷத்துக்கு மேல் பழசு.

'ஜியான்' என்ற சர்வர் ப்ராசசரை 'எக்ஸ்99' போர்டில் பூட்டி, '12 கோர், 14 கோர்' என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. கோர் எண்ணிக்கையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் ஒவ்வொரு கோரும் மெதுவானது. கேமுக்கு சில கோர்களின் வேகம்தான் தேவை, கோர் கூட்டம் அல்ல.

பழசு வாங்கினால் என்ன நஷ்டம்?

'பழசா இருந்தா என்ன, ஓடினா சரி' என்று சிலர் கேட்கலாம். ஜிடிஏ 5 போன்ற 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த கேம்கள் பழைய ஐ7-லும் ஓடும். அது உண்மைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

* விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது.

* விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டும் என்றால், இன்டெலில் 8-ம் தலைமுறையோ அதற்கு மேலோ, அல்லது ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். கூடவே 'டிபிஎம் 2.0' என்ற பாதுகாப்பு வசதியும் போர்டில் வேண்டும்.

* பிள்ளைகள் அதிகம் ஆடும் வாலரண்ட் கேம், விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0-யும், 'செக்யூர் பூட்' வசதியும் இல்லாவிட்டால் உள்ளேயே விடாது.

* 'ஏவிஎக்ஸ்2' என்ற கணக்கு வசதி இன்டெலில் நான்காம் தலைமுறையில், அதாவது 2013-ல்தான் வந்தது. இது இல்லாத ப்ராசசரில் சில புதிய கேம்கள் திறக்கவே திறக்காது.

குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுத்து, 'பாருங்க, ஓடுது' என்று காட்டுபவர்களும் இருக்கிறார்கள். கடையில் ஓடும். வீட்டுக்கு வந்து கேமைப் போட்டால்தான் சாயம் வெளுக்கும்.

நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்து

நம்பருக்குக் கடைசியில் ஒரு எழுத்து வரும். சின்ன எழுத்துதான். ஆனால் தெரியாமல் வாங்கினால் திரையில் படமே வராது.

இன்டெலில் 'எப்' என்று இருந்தால், அந்த ப்ராசசருக்குள் கிராபிக்ஸ் வசதி கிடையாது. உதாரணம், ஐ5 12400எப். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டே தீர வேண்டும். 'கார்டு அடுத்த போனஸுக்கு வாங்கிக்கலாம்' என்று நினைத்து எப் வகையை வாங்கினால், அதுவரை கம்ப்யூட்டர் இருட்டுத் திரையோடுதான் நிற்கும். கார்டு போட்ட பிறகும் மானிட்டர் கேபிளை கார்டில்தான் சொருக வேண்டும், போர்டில் அல்ல.

'கே' என்று இருந்தால், வேகத்தை ஏற்றி ஓட்டும் வசதி உள்ளது என்று அர்த்தம். விலை கூடுதல். சூடும் கூடுதல். சாதாரணமாக கேம் ஆட இது தேவை இல்லை.

ஏஎம்டியில் 'ஜி' என்று இருந்தால், உள்ளேயே கொஞ்சம் பலமான கிராபிக்ஸ் இருக்கிறது என்று அர்த்தம். ரைசன் 5 5600ஜி ஒரு உதாரணம். கார்டு இல்லாமலே சின்ன கேம்கள் ஓடும். வெறும் 5600 என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை.

'எக்ஸ்3டி' என்று முடிந்தால், கேமுக்காகவே அதிக கேஷ் மெமரி வைத்த விலை உயர்ந்த வகை. நம்ம பட்ஜெட்டுக்கு எட்டாது. எட்டினாலும், அந்தக் காசை கிராபிக்ஸ் கார்டில் போடுவதே லாபம்.

எத்தனை கோர் போதும்?

6 கோர், 12 த்ரெட் இருந்தால் இன்றைய கேம்களுக்கு தாராளம். ஐ5 12400எப், ரைசன் 5 5600, ரைசன் 5 7600 ஆகிய மூன்றும் இந்தக் கணக்கில் வருபவை. 4 கோர், 8 த்ரெட் உள்ள ஐ3 12100எப் போட்டும் ஆடலாம். ஆனால் பெரிய கேம்களில் சில நேரம் திணறும்.

வீடியோ எடிட்டிங், கட்டிட டிராயிங் போன்ற வேலையும் சேர்த்துச் செய்பவர்கள் மட்டும் 8 கோர் பக்கம் போகலாம்.

சாக்கெட் பொருந்தணும்

செருப்பு வாங்கும்போது சைஸ் பார்க்கிற மாதிரி, ப்ராசசருக்கும் போர்டுக்கும் சைஸ் உண்டு. அதற்குப் பேர் சாக்கெட். சைஸ் மாறினால் உட்காராது. அழுத்தினால் பின் வளைந்து இரண்டுமே வீணாகும்.

இன்டெல் சாக்கெட்டுகளை அதில் உள்ள தொடுபுள்ளிகளின் எண்ணிக்கையால் அழைக்கிறார்கள். அந்தக் கணக்கு இதுதான்:

* 1155 - இரண்டாம், மூன்றாம் தலைமுறை
* 1150 - நான்காம் தலைமுறை
* 1151 - 6 முதல் 9-ம் தலைமுறை வரை
* 1200 - 10, 11-ம் தலைமுறை
* 1700 - 12, 13, 14-ம் தலைமுறை
* 1851 - 2024 அக்டோபரில் டெஸ்க்டாப்புக்கு வந்த கோர் அல்ட்ரா 200 வரிசை

இதில் 1151-ல் ஒரு கண்ணி இருக்கிறது. 6, 7-ம் தலைமுறைக்கான போர்டில் 8, 9-ம் தலைமுறை ப்ராசசர் உட்காரும். ஆனால் ஓடாது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதில் நிறைய பேர் மாட்டுகிறார்கள்.

ஏஎம்டியில் கணக்கு சுலபம். ஏஎம்4, ஏஎம்5 என்று இரண்டுதான் இப்போது பார்க்க வேண்டியவை. ரைசன் 2017-ல் வந்ததில் இருந்து 5000 வரிசை வரை ஏஎம்4. 2022 செப்டம்பரில் வந்த 7000 வரிசையும் அதற்குப் பின் வந்தவையும் ஏஎம்5. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்கு மேலும் ஆதரவு தருவோம் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது.

அதாவது இன்று ஏஎம்5 போர்டு வாங்குபவர், சில வருஷம் கழித்து போர்டை மாற்றாமலே புது ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஏஎம்4, இன்டெல் 1700 ஆகிய இரண்டும் விலை குறைவு. ஆனால் அதில் புதிய தலைமுறை இனி பெரிதாக எதிர்பார்க்க முடியாது. வாங்கியதை ஐந்தாறு வருஷம் அப்படியே ஓட்டுவதாக இருந்தால் அதுவும் நல்ல வியாபாரம்தான்.

மதர்போர்டு பேரில் இருக்கும் ரகசியம்

மதர்போர்டு எந்தக் கம்பெனியாக இருந்தாலும், பேருக்குள் ஒரு எழுத்தும் மூன்று இலக்க நம்பரும் இருக்கும். அதுதான் சிப்செட். அது போர்டின் தரத்தைச் சொல்லும்.

இன்டெல் 1700-ல் எச்610 என்பது அடிமட்டம். ராம் சொருக இரண்டு இடம்தான் இருக்கும். ராம் வேகத்தையும் ஏற்ற முடியாது. பி660, பி760 என்பவை நடுத்தரம். பெரும்பாலும் நான்கு ராம் இடம், கூடுதல் எஸ்எஸ்டி இடம் கிடைக்கும். இசட்690, இசட்790 என்பவை மேல்மட்டம். கே வகை ப்ராசசரின் வேகத்தை ஏற்றி ஓட்ட இதுதான் வேண்டும்.

ஏஎம்4-ல் ஏ520 அடிமட்டம், பி450, பி550 நடுத்தரம், எக்ஸ்570 மேல்மட்டம். ஏஎம்5-ல் ஏ620 அடிமட்டம், பி650, பி850 நடுத்தரம்.

இரண்டு பெரிய தவறுகளைத் தவிர்க்க வேண்டும். ஒன்று, ஐ7, ஐ9 போன்ற கரண்ட் தின்னும் ப்ராசசரை எச்610 போர்டில் போடுவது. மற்றொன்று, சாதாரண ஐ5-க்கு இசட்790 போர்டு வாங்குவது. முதலாவது போர்டுக்கு ஆபத்து. இரண்டாவது பர்சுக்கு ஆபத்து.

சூடுதான் எமன்

போர்டில் ப்ராசசருக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன சதுரக் கட்டிகள் வரிசையாக இருக்கும். அந்தப் பகுதிக்குப் பேர் விஆர்எம். எஸ்எம்பிஎஸ் அனுப்பும் 12 வோல்ட் கரண்டை ஒரு வோல்ட் அளவுக்குக் குறைத்து ப்ராசசருக்குக் கொடுப்பது இதன் வேலை. வேலை செய்யும்போது நன்றாகச் சூடாகும்.

மலிவு போர்டுகளில் இந்தக் கட்டிகள் மொட்டையாக இருக்கும். கொஞ்சம் நல்ல போர்டில் அதன் மேல் அலுமினியத் தகடு மூடியிருக்கும். ஹீட் சிங்க் என்பார்கள். சூடு ஏறினால் போர்டு தானாகவே ப்ராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். கேம் ஆரம்பத்தில் நன்றாக ஓடி, அரை மணி நேரம் கழித்துத் திணறினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஏப்ரல், மே மாதத்தில் ஓட்டு வீட்டிலும், தகரக் கூரை வீட்டிலும் கம்ப்யூட்டர் வைப்பவர்கள் தகடு போட்ட போர்டாகப் பார்த்து வாங்குவது நல்லது. பெட்டியை சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. பஞ்சுத் தூசி அதிகம் உள்ள ஊர் நம்ம ஊர். மாதம் ஒரு முறை பிரஷ்ஷால் தூசி தட்டினாலே போர்டின் ஆயுள் கூடும்.

ராம் மாறினால் போர்டும் மாறும்

டிடிஆர்4, டிடிஆர்5 என்று ராம் இரண்டு வகை. இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது.

ஏஎம்4-க்கு டிடிஆர்4 மட்டும். ஏஎம்5, இன்டெல் 1851 இரண்டுக்கும் டிடிஆர்5 மட்டும். இன்டெல் 1700 மட்டும் இரண்டு வகையிலும் வரும். ஒரே பி760 போர்டு, டிடிஆர்4-க்குத் தனி மாடல், டிடிஆர்5-க்குத் தனி மாடல் என்று இருக்கும். போர்டு டப்பாவில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ராம் வாங்கக் கூடாது.

2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் ராம் விலை கிடுகிடுவென ஏறியது. ஏஐ வேலைக்கான பெரிய சர்வர்களுக்கு மெமரி சிப்கள் போனதே அதற்கு முக்கிய காரணம். எனவே ப்ராசசர், போர்டு விலையை மட்டும் கேட்காமல், ராம் சேர்த்து மூன்றுக்கும் மொத்தமாக விலை கேட்டு ஒப்பிட வேண்டும். வீட்டில் நல்ல டிடிஆர்4 ராம் ஏற்கனவே இருந்தால், அதற்குப் பொருந்தும் போர்டு வாங்குவது பெரிய மிச்சம்.

16 ஜிபி ராமை ஒரே துண்டாக வாங்குவதை விட, 8 ஜிபி துண்டு இரண்டாக வாங்கிப் போட்டால் வேகம் கூடும். ஜி வகை ப்ராசசர் வாங்குபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அதன் கிராபிக்ஸ், ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது.

பயோஸ் பார்த்தீங்களா?

சாக்கெட் பொருந்தியும் கம்ப்யூட்டர் ஆன் ஆகாத கதையும் உண்டு. காரணம் பயோஸ். போர்டுக்குள் இருக்கும் அடிப்படை புரோகிராம் இது. போர்டு தயாரான பிறகு வந்த ப்ராசசரை பழைய பயோஸுக்கு அடையாளம் தெரியாது.

பி450 போர்டு 2018-ல் வந்தது. அதில் 2020-ல் இருந்து வந்த ரைசன் 5000 வரிசையைப் போட பயோஸ் அப்டேட் செய்ய வேண்டும். 2022-ல் வந்த எச்610, பி660 போர்டில் 13, 14-ம் தலைமுறையைப் போடவும் இப்படித்தான். சில போர்டுகளில் ப்ராசசர் இல்லாமலே பென் டிரைவ் மூலம் அப்டேட் செய்யும் வசதி உண்டு. எல்லாவற்றிலும் இல்லை.

இதற்கு ஒரே வழி, ப்ராசசர், போர்டு இரண்டையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே பூட்டி, ஆன் செய்து காட்டச் சொல்வதுதான்.

கையில் இருக்கும் காசுக்கு எது?

நம்ம வாசகர்களுக்குத் தோதான மூன்று ஜோடிகள் இவை.

முதல் ஜோடி: கிராபிக்ஸ் கார்டுக்கு இப்போது காசு இல்லை என்பவர்களுக்கு. ரைசன் 5 5600ஜி, கூட பி450 அல்லது பி550 போர்டு. வாலரண்ட் போன்ற கேம்கள் செட்டிங் குறைத்து நன்றாக ஓடும். பின்னால் கார்டு சொருகிக் கொள்ளலாம். ஆனால் கேஷ் மெமரி வெறும் 5600-ஐ விடப் பாதிதான் என்பதால், கார்டு போட்ட பிறகு அதை விடக் கொஞ்சம் பின்தங்கும்.

இரண்டாவது ஜோடி: கார்டோடு சேர்த்தே வாங்குபவர்களுக்கு. ஐ5 12400எப், கூட பி660 அல்லது பி760 போர்டு. அல்லது ரைசன் 5 5600, கூட பி550 போர்டு. எது அன்றைக்கு விலை குறைவோ அதை எடுக்கலாம். இரண்டும் கேமில் கிட்டத்தட்ட சமம்.

மூன்றாவது ஜோடி: கொஞ்சம் கூடப் போட முடியும், பல வருஷம் வைத்து ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு. ரைசன் 5 7600, கூட பி650 போர்டு. டிடிஆர்5 ராம் என்பதால் செலவு ஏறும். உள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருப்பதால், கார்டு ரிப்பேருக்குப் போனாலும் கம்ப்யூட்டர் ஓடும்.

எந்த ஜோடியாக இருந்தாலும் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. கார்டோடு சேர்த்து 60 ஆயிரம் ரூபாய்க்குப் பெட்டி பூட்டுவதாக இருந்தால், ப்ராசசருக்கும் போர்டுக்கும் சேர்த்து சுமார் 20 ஆயிரத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதிகப் பங்கு கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. அது வெடித்தால் போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

13, 14-ம் தலைமுறை வாங்குவோர் கவனத்துக்கு

இன்டெலின் 13, 14-ம் தலைமுறையில் ஐ5 13600கே, ஐ7, ஐ9 போன்ற கூடுதல் வாட் ப்ராசசர்கள் சில, அளவுக்கு மீறிய வோல்டேஜால் நாளடைவில் பழுதாவது 2024-ல் தெரியவந்தது. அதைத் தடுக்கும் பயோஸ் அப்டேட் 2024 ஆகஸ்டு முதல் வந்தது. பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரண்டியை மேலும் 2 வருஷம் நீட்டியது.

ஆனால் ஏற்கனவே பழுதான ப்ராசசரை அப்டேட் சரி செய்யாது. ஆகவே இந்த வகைகளை செகண்ட் ஹேண்டில் வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

பில் இல்லாட்டி வாரண்டி இல்லை

'பில் இல்லாம வாங்கினா 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம்' என்று சொல்லும் கடைகள் உண்டு. கேட்க இனிக்கும். ஆறு மாதத்தில் போர்டு போனால் கசக்கும். பில் இல்லை என்றால் சர்வீஸ் சென்டரில் வாசலோடு திருப்பி அனுப்பி விடுவார்கள்.

சீல் போட்ட டப்பாவில் வரும் இன்டெல், ஏஎம்டி ப்ராசசருக்குப் பொதுவாக 3 வருஷ வாரண்டி உண்டு. 'டிரே' சரக்கு என்று டப்பா இல்லாமல் வருவது விலை குறைவு. அதற்கு கடைக்காரர் கொடுக்கும் வாரண்டிதான். கூலர் ஃபேனும் வராது. கடைக்காரர் கடையை மாற்றினால் வாரண்டியும் அவரோடு போய்விடும்.

கோவையில் வாங்கினாலும், சென்னை ரிச்சி தெருவுக்கு ரயிலேறிப் போய் வாங்கினாலும், கிளம்பும் முன் இந்த ஐந்தைப் பார்த்து விடுங்கள்:

* பில்லில் ப்ராசசர், போர்டு முழு மாடல் பேரும், சீரியல் நம்பரும், கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி நம்பரும் இருக்கிறதா?

* டப்பாவில் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் உள்ளதும் ஒன்றா?

* கம்ப்யூட்டரை ஆன் செய்து, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'பெர்பார்மன்ஸ்' பகுதியில் ப்ராசசரின் முழுப் பேர் தெரியும். கேட்டது அதுதானா?

* 'சிபியு-இசட்' என்ற இலவச புரோகிராமைப் போட்டால் சாக்கெட், போர்டு மாடல், ராம் வகை எல்லாம் தெரியும். ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

* போர்டு சாக்கெட் மேல் இருந்த கருப்பு பிளாஸ்டிக் மூடியைக் கேட்டு வாங்கினீர்களா? வாரண்டிக்கு போர்டைக் கொடுக்கும்போது அந்த மூடி போட்டுக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. பின் வளைந்திருந்தால் வாரண்டி கிடைக்காது.

ஆன்லைனில் வாங்குபவர்கள், பார்சலைப் பிரிக்கும் முன்பிருந்தே செல்போனில் வீடியோ எடுத்து வைக்க வேண்டும்.

எர்த் இல்லாட்டி ஷாக்

பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்று பலர் கடைக்காரரைத் திட்டுகிறார்கள். பெரும்பாலும் தப்பு வீட்டு வயரிங்கில்தான். எர்த் சரியாக இல்லாத பிளக்கில் போட்டால் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து லேசான கரண்ட் பெட்டிக்கு வரும். போர்டுக்கும் அது நல்லதல்ல. வாடகை வீடாக இருந்தாலும், ஓனரிடம் சொல்லி எலெக்ட்ரீசியனை வைத்து எர்த்தைச் சரி செய்த பிறகு கம்ப்யூட்டரைப் போடுங்கள்.

அதேபோல 600 விஏ யுபிஎஸ் என்பது சுமார் 360 வாட்தான் தாங்கும். பெரிய கார்டு போட்ட கம்ப்யூட்டரை அதில் மாட்டினால், கேம் நடுவில் கரண்ட் போனதும் யுபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடும்.

ஏமாந்து விட்டால்?

சொன்ன மாடல் ஒன்று, கொடுத்தது வேறு என்றால் சும்மா இருக்கத் தேவையில்லை. முதலில் கடைக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீர்கள். சரி வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை வெளியூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே பேசலாம். சம்பவம் நடந்த 2 வருஷத்துக்குள் போட வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வளவுக்கும் கையில் பில் வேண்டும். போனஸ் கவரோடு கடைக்குப் போகும் முன், வேண்டிய ப்ராசசர் நம்பரையும், போர்டு நம்பரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அதற்குப் பதில் வேறொன்றை 'இதுவும் அதே மாதிரிதான்' என்று நீட்டினால், வாங்காமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.